கந்தை தந்த பாடம்

பற்றை விடு என்று சாஸ்திரங்கள் கூறுகின்றன. எல்லா உயிர்களிடத்தும் அன்பு செலுத்து என்றும் அவையே கூறுகின்றன. கேட்கும்போது இரண்டும் எளியவையாகவே தோன்றும். ஆனால் நெருங்கிய ஒருவரை இழந்து, அவர் விட்டுச் சென்ற பொருளைக் கையில் ஏந்தி நிற்கும் வேளையில்தான், பற்று எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி நம்மை உலுக்குகிறது. எனக்கு இதற்கான விடை படித்த நூல்களிலிருந்து கிடைக்கவில்லை. பழந்துணிகளை அடுக்கித் தைத்த ஒரு போர்வையிலிருந்து கிடைத்தது.

பெட்டியில் பூட்டிய துக்கம்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்த ஆசிரமத்தில் நான் பணி செய்து வந்தேன். ஒருநாள் அஞ்சலில் ஒரு சிறு மூட்டை வந்தது. என் பூர்வாசிரமத் தாயார் மறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மூட்டையில் அவர் உடுத்திய இரண்டு நூல் புடவைகள் இருந்தன. ஒன்றைத் துவைத்து உலர்த்திவிட்டு மற்றொன்றை உடுத்துவது அவரது வழக்கம். கடைசி ஆண்டுகளில் அவருடைய உடைமை என்று சொல்லத்தக்கவை அவ்வளவே. 'பிறருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும்' என்று தமையனார் எழுதியிருந்தார்.

எனக்கும் தெரியவில்லை. காவி உடுத்தவள் அவற்றை அன்றே ஓர் ஏழைக்குக் கொடுத்திருக்க வேண்டும். நானோ பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சில இரவுகளில் பெட்டியைத் திறந்து, திருநீறும் கற்பூரமும் கலந்த அந்த மணத்தை முகர்ந்துவிட்டு மீண்டும் பூட்டினேன். வாரந்தோறும் அன்பர்களுக்கு வைராக்கியம் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவளும் நான்தான்! இதைச் சொல்ல இன்று எனக்கு வெட்கமில்லை. அன்று இருந்தது.

ஆசிரமத்தின் ஒரு தாழ்வாரத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்து வந்தது. கற்பித்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. எல்லாரும் அவரைத் 'திதிமா' என்று அழைப்போம். வங்காளியில் பாட்டி என்று பொருள். எப்படியோ அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் என்னிடம், "மா, பெட்டிக்குள் இருந்தால் பூச்சி தின்னும். வெளியே விரித்தால் ஒரு குழந்தையின் குளிரைப் போக்கும். எடுத்து வாருங்கள், தைக்கலாம்" என்றார்.

பழையதிலிருந்து பிறக்கும் புதியது

அவர் கற்பித்தது 'காந்தா' என்னும் கலை. இன்று விலையுயர்ந்த பட்டுப் புடவைகளில் காந்தா வேலைப்பாட்டைக் காண்கிறோம். ஆனால் அதன் பிறப்பிடம் ஏழைக் குடிசை. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் பல அடுக்குகளாக விரித்து, அப்புடவைகளின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்துப் போர்வையாக்குவது வங்காளப் பெண்களின் வழக்கம். வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி. நாம் தமிழில் 'கந்தை' என்று சொல்வதும் அதனோடு உறவுடைய சொல்லே. பிறக்கப் போகும் குழந்தைக்குப் புதுத்துணி வாங்காமல், வீட்டுப் பெரியோர் உடுத்தி மென்மையான துணியில் போர்வை தைப்பது அங்கே மங்கலமாகக் கருதப்படுகிறது.

கோல்கத்தாவில் குருசதய் தத் சேகரித்த காந்தாக்களில் ஒன்று புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்தது அது. தம் கையால் தைத்துத் தந்தைக்கு அளிப்பதாக எழுத்துகளையும் அவர் அதில் ஊசியாலேயே பொறித்திருக்கிறார். ஒரு மகளின் அன்பு இத்தனை காலம் நிலைத்திருப்பது பழந்துணியிலும் சாதாரண நூலிலும்தான்.

ஆன்மா உடலை நீப்பதற்கு, பழைய ஆடையைக் களைவதை உவமையாகக் காட்டுகிறது கீதை. களைந்த ஆடை பின்பு என்ன ஆகிறது? பௌத்த விநய நூல்களில் இதற்கு அழகான ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் தானமாகக் கிடைத்ததை அறிந்த உதயண மன்னர், "இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்?" என்று வினவினார். ஆடை நைந்த துறவியருக்குக் கொடுப்பேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? அவை மேல்விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பின்பு தரைவிரிப்பாகும், பின்பு கால்துடைப்பாகும், பின்பு தூசு தட்டும் துணியாகும். அதுவும் நைந்தால், கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். மன்னர் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தார் என்பது வரலாறு. எதன்மீதும் பற்று வைக்காதவர், எதையும் வீணாக்காதவராகவும் இருப்பதைக் கவனியுங்கள்.

ஓரமா, நடுவா?

முதல் வேலை கரையைப் பிரித்து நூல் உருவுவது. தாயாரின் புடவைக் கரையில் முதல் இழையை இழுத்தபோது என் கை நடுங்கியது. திதிமா ஒன்றும் சொல்லவில்லை. உருவிய இழைகளை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒவ்வொரு புடவையையும் மூன்றாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் விரித்தோம். ஆறு அடுக்குகள் ஆயின. மூலைகளில் செங்கல் வைத்து, உள்ளங்கையால் சுருக்கங்களை நீவினோம். அடுக்குகள் நகராதிருக்க, பெரிய பெரிய தையல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டோம். "இனி நடுவிலிருந்து தொடங்குங்கள்" என்று கூறிவிட்டு, திதிமா மற்றப் பெண்களிடம் சென்றார்.

சிறுவயதில் கொஞ்சம் தையல் பழகியவள் என்ற எண்ணம் எனக்கு. ஓரத்தை ஒட்டித் தைத்தால் வரிசை நேராக வரும், பார்ப்பவர் மெச்சுவர். ஆகவே ஓரத்திலிருந்து தொடங்கினேன். நான்கு நாள்களில் நான்கு பக்கமும் அழகிய வரிசைகள் அமைந்தன. ஐந்தாம் நாள் நடுப்பகுதிக்கு வந்தபோது, துணி அங்கே கொப்புளம்போல் எழும்பி நின்றது. ஒவ்வொரு தையலும் துணியைச் சிறிதளவு இழுக்கும். இழுபட்ட சுருக்கம் எங்கேனும் போய்த்தானே ஆக வேண்டும்? ஓரங்கள் இறுகிவிட்டதால் எல்லாச் சுருக்கமும் வெளியேற வழியின்றி நடுவில் வந்து தேங்கிவிட்டது. நடுவிலிருந்து தொடங்கியிருந்தால் அது படிப்படியாக விளிம்புக்கு வந்து வெளியேறியிருக்கும்.

திதிமா அதைத் தடவிப் பார்த்தார். "ஓரம் அழகாக இருக்கிறது மா. ஆனால் குழந்தை படுப்பது நடுவில் அல்லவா?" என்றார். நான்கு நாள் தையலையும் அமர்ந்து பிரித்தேன்.

பிரிக்கும்போதுதான் என் நிலை எனக்கே புலப்பட்டது. என் வைராக்கியமும் ஓரத்துத் தையலே. உடை ஒழுங்காக இருந்தது. பேச்சு ஒழுங்காக இருந்தது. காலையும் மாலையும் வழிபாடு தவறவில்லை. தாயை இழந்த துயரம் மட்டும் வெளியேற வழியின்றி இதயத்தின் நடுவில் சுருண்டு கிடந்தது. துறவி அழலாகாது என்று எண்ணி அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றித் தைத்திருந்தேன். அன்று மாலை சந்நிதியில் அமர்ந்து, அவர் மறைந்தபின் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். மறுநாள் நடுவிலிருந்து தொடங்கினேன்.

அன்பர்களே, நம்மில் பலரும் சாதனையை ஓரத்திலிருந்தே தொடங்குகிறோம். விரதம், யாத்திரை, பாராயணம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறோம். அவை வேண்டியவையே, ஓரம் தைக்காத போர்வை பிரிந்துபோகும். ஆனால் உடன்பிறந்தாரிடம் கொண்ட பகை, மறக்க முடியாத அவமதிப்பு, ஆறாத துயரம் ஆகியவற்றை நடுவில் அப்படியே விட்டுவிட்டு ஓரங்களை இறுக்கினால், அவை என்றேனும் ஒருநாள் எழும்பியே தீரும். இறைவன் திருமுன் முதலில் விரிக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

தொடக்கநிலையினருக்குச் சில குறிப்புகள்

திதிமா கூறிய வேறு சில குறிப்புகளும் சாதகருக்குப் பொருந்துவனவே. ஊசியில் அடிக்கடி நூல் கோக்கச் சோம்பல்பட்டு மிக நீளமாக நூல் எடுத்தால், அது சிக்கி முடிச்சு விழும். ஒரு முழத்துக்குச் சற்றே அதிகமாக எடுத்தால் போதும். ஆண்டு முழுவதற்கும் சங்கல்பம் செய்து பத்தாம் நாள் சிக்கலில் நிற்பவர் இதை எண்ணிப் பார்க்கலாம். இன்றைக்கு இயன்ற அளவு போதும். நாளைக்கு மீண்டும் கோத்துக்கொள்ளலாம்.

நூலை மிக இறுக்கினால் துணி சுருங்கும். மிகத் தளர்த்தினால் விரலிலும் வளையலிலும் மாட்டி அறுபடும். முடிச்சை அடுக்குகளின் உள்ளே மறைக்க வேண்டும். தேர்ந்தவர்கள் தைக்கும் 'தோருகா' என்னும் வகையில், மேற்புறமும் அடிப்புறமும் ஒன்றுபோலவே காணப்படும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டாத வாழ்வுக்கு இதைவிடச் சிறந்த உருவகம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஊசி துணிக்கு மேலே ஒருமுறை தோன்றும். கீழே ஒருமுறை மறையும். மறைவில் செல்லும் நூல் இல்லாவிட்டால் மேலே தெரியும் தையல் நிலைக்காது. ஒரு தையலுக்கு ஒரு நாமம் என்று மனத்துள் ஜபித்தவாறே தைத்தேன். எத்தனை ஆயிரம் ஆயிற்று என்று எண்ணவில்லை. கோணலாக வந்த வரிசைகளைப் பிரிக்க முயன்றபோது திதிமா தடுத்தார்: "கோணல் குளிரை விடாது மா, ஓட்டைதான் விடும்."

சநாதனரின் கம்பளம்

தை மாதம் பிறக்கும் முன் போர்வை முடிந்தது. அப்போதுதான் உண்மையான சோதனை வந்தது. எங்கள் ஆசிரமத்துக்கு அருகில் வயல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பீர்பூமின் குளிர்காலம் கடுமையானது. போர்வை யாருக்கு என்பதில் ஐயமே இல்லை. ஆயினும் மடித்து எடுத்தபோது, 'இதை மட்டும் நினைவாக வைத்துக்கொள். அந்தக் குழந்தைக்குப் புதுப் போர்வை வாங்கிக் கொடு' என்று மனம் வாதாடியது. எவ்வளவு நியாயமான வாதம்!

அவ்வேளையில் சைதன்ய சரிதாம்ருதத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. வங்காள சுல்தானின் அமைச்சராக இருந்த சநாதனர், பதவியைத் துறந்து, சிறையிலிருந்து தப்பி, காசியில் ஸ்ரீசைதன்யரை வந்தடைந்தார். எல்லாவற்றையும் விட்டாயிற்று, வழியில் அவருடைய மைத்துனர் அளித்த விலையுயர்ந்த கம்பளம் ஒன்று மட்டும் தோளில் இருந்தது. சைதன்யர் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆனால் அவரது பார்வை அடிக்கடி அதன்மீது சென்றது. சநாதனர் புரிந்துகொண்டார். கங்கைக் கரையில் வங்காளத்தைச் சேர்ந்த ஒருவர் தமது கிழிந்த காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். "என் கம்பளத்தை எடுத்துக்கொண்டு உமது காந்தாவைத் தாரும்" என்று சநாதனர் வேண்டினார். அம்மனிதர் தம்மைப் பரிகசிப்பதாகவே முதலில் எண்ணினார். சநாதனர் காந்தாவைப் போர்த்தித் திரும்பியபோது சைதன்யர் உளமகிழ்ந்தார்.

சநாதனருக்குக் காந்தாவைப் பெறுவது துறவாயிற்று. எனக்குக் காந்தாவைக் கொடுப்பதே துறவு. பொருள் கம்பளமா கந்தையா என்பதைப் பொறுத்ததன்று பற்று. 'இது மட்டும்' என்று மனம் எதைப் பிடித்துக்கொள்கிறதோ, அங்கே குருவின் பார்வை விழுகிறது.

போர்வையை எடுத்துச் சென்று கொடுத்தேன். அந்தத் தாய் அதை முகத்தில் ஒற்றிப் பார்த்து, "மிகவும் மெத்தென்று இருக்கிறது, மாதாஜி" என்றாள். அவ்வளவே.

சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, மூங்கில் வேலியில் போர்வை துவைத்து உலர்ந்துகொண்டிருந்தது. குழந்தையின் கறைகள் அதில் படிந்திருந்தன. என் தாயாரின் புடவை மீண்டும் ஒரு குழந்தைக்காக நனைந்து, மீண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் கண்கள் கலங்கின. ஆனால் அது பெட்டியைத் திறந்த இரவுகளின் கண்ணீர் அன்று. பற்று எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி அந்த வேலியருகில் எனக்குத் தீர்ந்தது. பூட்டி வைத்தபோது பற்றாக இருந்ததுதான் விரித்துக் கொடுத்தபோது அன்பாயிற்று.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய ஒரு துணி இருக்கலாம். அல்லது துணி இல்லாமல் வெறும் துயரம் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை வெளியே எடுங்கள். இறைவன் திருமுன் விரியுங்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள். கை பழகாததால் வரிசை கோணலாக வரும், வரட்டும். முடிந்ததும், குளிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள்.

நம் வாழ்வின் கிழிந்த துண்டுகளையெல்லாம் தன் அருள் என்னும் நூலால் இணைத்து, பிறர்க்குப் பயன்படும் போர்வையாக்குமாறு எல்லாம்வல்ல பரம்பொருளைப் பிரார்த்திப்போம்.

ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி: