தும்மிய பொக்லைன்

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பொக்லைன் இந்த வாரம் தும்மத் தொடங்கியது. பொன்னேரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக் காலை ஐந்தரை மணிக்கே போன்.

"அண்ணா, வண்டி தும்முது."

"தும்முதுன்னா எப்படிடா?"

ஆபரேட்டர் பையன் போனிலேயே தும்மிக் காட்டினான். இந்தத் தொழிலில் பாதி வைத்தியம் இப்படித்தான் நடக்கிறது. ஒருவன் வாயால் இன்ஜின் மாதிரி சத்தம் போடுவான். பல மைலுக்கு அப்பால் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜெக்டர் போய்விட்டது என்று மெக்கானிக் தீர்மானித்தார். அதைக் கழற்றும் சாமான்கள், புது ஃபில்டர், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார். ரோடு முடிந்த இடத்தில் எல்லாம் படகுக்கு மாறியது.

பொக்லைனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தெற்கில் ஆரணி ஆறும், ஆந்திரப் பக்கம் காளங்கியும் சுவர்ணமுகியும் அதில் வந்து சேர்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரம் கடல் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும் இதே மணலின் போக்கால்தான். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் ஏரியின் வாயைத் திறந்துவிடும். வெள்ளம் வடிந்து கோடை வந்தால் மணல் மெல்ல அடைக்கும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு ஏரிக்குள் வந்துதான் வளர வேண்டும். வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. குப்பங்களே பணம் போட்டு மெஷினை வாடகைக்கு எடுத்து மணலை வெட்டிய ஆண்டுகளும் உண்டு. வாடகை மணிக்கணக்கு. அதனால் மெஷின் நின்றால் ஊரே கைக்கடிகாரத்தைப் பார்க்கும்.

மெக்கானிக் போய் இறங்கியபோது நாற்பது பேர் கரையில் நின்றார்கள். "இன்னா மெக்கானிக்கண்ணா, எங்க போட்டு இன்ஜின் வருஷம் பூரா உப்புத் தண்ணியிலதான் கிடக்குது. ஒரு நாள் அழுதிருக்கா? உங்க மெஷினு இன்னாத்துக்கு இப்படிச் சிணுங்குது?" என்றார் ஒரு பெரியவர். இருபது டன் இரும்பைப் பற்றி இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. நேராக டீசல் டேங்க் பக்கம் போய், ஃபில்டருக்கு அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். மேலே மஞ்சளாக டீசல் நின்றது. அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் எப்போதும் கீழேதான் தங்கும். விரலை விட்டு அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு!

குற்றவாளி ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. படகில் டீசல் கொண்டுவந்த கேனுக்கு மூடி இல்லை. வாயில் பாலித்தீன் பையைச் செருகி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அலைச் சாரல் முழுக்க உள்ளே.

தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றி, ஏர் எடுக்க வேண்டும். டீசல் லைனில் காற்று நின்றால் இன்ஜின் பிடிக்காது. கைப்பம்பை அழுத்தி அழுத்தி நுரையெல்லாம் வெளியேறும் நேரத்தில், லைனைப் பிடித்திருக்கும் போல்ட் கைநழுவி, பொக்லைனின் சங்கிலிச் சக்கரத்தோரக் கலங்கல் தண்ணீரில் விழுந்தது. கட்டைவிரல் நீளம்தான். அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. கடல் வேறு ஏத்தத்தில் இருந்தது. ஈர மணலில் சங்கிலி அழுந்திக்கொண்டே போனது.

சற்றுத் தள்ளி, ஆழமில்லாத தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கும் வேலை அது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கண்ணுக்கும் அங்கே வேலை இல்லை. அவர்களில் ஒரு அம்மா வந்து குனிந்தார். இரண்டு தடவை துழாவியிருப்பார். "இது எந்த ஊரு இறாலு? மீசையே காணோம்" என்று போல்ட்டை நீட்டினார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்ததைவிட மூச்சு வந்ததுதான் பெரிது. இன்ஜின் பிடித்து, மெஷின் மேட்டுக்கு நகர்ந்தபோது சங்கிலி பாதிவரை நனைந்திருந்தது.

பிறகு பில் வந்தது. மெஷின் முதலாளி போனில் கேட்டார்: "இன்ஜெக்டர் மாத்தல, பம்பு மாத்தல. தண்ணி எடுத்ததுக்கா இவ்வளவு கூலி?" பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் பேச்சு அடங்கியது.

இந்தக் கேள்வியை நாமும் கேட்டுத்தான் இருக்கிறோம். புது சாமான் மாட்டினால் யோசிக்காமல் பணம் கொடுப்போம். சாமான் கெடாமல் காப்பாற்றியவரிடம் பேரம் பேசுவோம். உப்புத் தண்ணீரில் வேலை செய்த மெஷினை அன்றன்றைக்கு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்போடு கலந்த பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். இல்லையென்றால் பளபளவென்று இருக்கும் ஹைட்ராலிக் ராடில் உப்பு ஊசிக்குத்துப் போலப் பொத்தல் போடும். அந்தப் பொத்தல் சீலைக் கிழிக்கும், ஆயில் ஒழுகும். கழுவ அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு யாரும் வாடகை தருவதில்லை, அதனால் யாரும் கழுவுவதில்லை. முகத்துவாரத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அடைத்த பிறகு வெட்ட ஓடுகிறோம். கற்சுவர் கட்டி வாயை நிலையாக வைக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டது நேற்று இன்றல்ல. பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி, அந்த அனுமதி, இந்த அனுமதி என்று கோப்பு நகர்வதற்குள் மணல் பலமுறை நகர்ந்துவிட்டது.

மெக்கானிக் முதலாளியிடம் இரண்டே இரண்டு கேட்டிருக்கிறார்: டீசல் கேனுக்கு ஒரு மூடி, மெஷின் கழுவ தினமும் ஒரு டிரம் நல்ல தண்ணீர். மூடி வந்துவிட்டது. குடிக்கவே கேனில் தண்ணீர் போகும் இடத்தில் இரும்புக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று முதலாளி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.