நெருக்கம்: லயத்தையும் தனிவீட்டையும் முன்னிறுத்தி ஓர் அறவினா

தமிழில் 'நெருக்கம்' என்னும் சொல் இருபொருள் பயப்பது. உள்ளத்தால் ஒன்றியிருத்தலும் நெருக்கம். இடமின்றி இடிபட்டுக் கிடத்தலும் நெருக்கம். மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லில் ஏன் வைத்ததென்பதை மொழியியலார் ஆராயட்டும். லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தோர்க்கு அவ்விரு பொருளும் பிரித்தறிய இயலாதனவாகவே இருந்துவந்துள்ளன. லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபெயரும் இந்நாளிலோ, அவற்றைப் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் மலையகத்துக்கு ஏற்பட்டுள்ளது. முதியோரும் இளையோரும் ஒருங்கே விரும்பி வாழத்தக்க குடியிருப்பை எங்ஙனம் அமைப்பது என்னும் வினா கட்டடக் கலைஞர்க்கே உரியதுபோலத் தோன்றினும், அடிப்படையில் அது ஓர் அறவினா என்பதே எனது துணிபு.

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேலே உள்ளது. அதனை அண்டிய தோட்டமொன்றின் லயத்தில், தொங்கல் காம்பராவில், என் அப்பாயி வாழ்கிறார். தை, மாசி மாதங்களில் அங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும். அந்நாட்களில் அவர் உறங்குவது அடுப்பங்கரையில். விடியுமுன் எழுந்து நடுச்சுவரில் இருமுறை தட்டுவார். அடுத்த காம்பராவிலிருந்து மறுதட்டல் வரும். அங்கிருப்பவர் அவரோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த இன்னொரு மூதாட்டி. இரவு நல்லபடியாகக் கழிந்தது என்பதே அத்தட்டலின் பொருள். இதற்கு மேலான முதியோர் பராமரிப்பு எதனையும் அத்தோட்டம் இன்றுவரை கண்டதில்லை.

அண்மையில் எங்கள் குடும்பத்துக்கும் தனிவீட்டுக்கான காணித்துண்டு ஒன்று ஒதுக்கப்பட்டது. அப்பாயி அங்கு வர மறுத்தார். "இன்னுமா இந்த அடிமை வாழ்வில் ஆசை?" என்று நான் கேட்டேன். கலைப்பீடத்தில் இரண்டாண்டு பயின்றவனுக்கு அவ்வளவு எளிதாக அச்சொல் வாயில் வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "காம்பராவப் பத்தி எனக்கு நீ சொல்ல வேணாம் தம்பி. சாக்குத் தெரைக்குப் பின்னால குடும்பம் நடத்துனவ நான்" என்றார்.

அவ்விடத்தில் என் வாதம் உடைந்தது. லயத்தின் கொடுமையை அவரைவிட நான் அறிந்தவனல்லன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் மாமியார், கணவன், கொழுந்தன் ஆகியோருக்கிடையே உடை மாற்றவும் ஒதுக்கிடம் இன்றி வாழ்ந்தவர் அவர். லயத்தின் கூட்டுவாழ்வைப் புகழ்வோர் நம் விரிவுரை மண்டபங்களில் உளர். அவர்களுட் பெரும்பாலோர் அங்கே ஓரிரவும் தங்கியதில்லை என்பது என் ஐயம்.

லயத்தின் நெருக்கத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. நெடுங்காலமாகத் தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் எவரேனும் ஒருவர் செக்ரோலில் பேர் பதிந்திருந்தாலன்றிக் காம்பராவுக்கு உரிமையில்லை. ஆகவே பெற்றோர் ஓய்வுபெறும்போது பிள்ளை மலையேற வேண்டும். இல்லையேல் முதியோரின் தலைக்கு மேலுள்ள தகரம் நிலைக்காது. என் தந்தை பள்ளிப்படிப்பை நிறுத்திப் பேர் பதிந்தது இக்காரணத்தினாலேயே. அதனை அவர் தியாகமென்று கூறியதில்லை, பாட்டனாரும் கேட்டதில்லை. ஆயினும் ஒருவரையொருவர் பிரியாதிருந்ததில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதை அவ்விருவருமே அறிந்திருப்பார்களா? மகனை மகனாக வைத்திருக்கத் தோட்டத்தின் ஏட்டில் அவன் பெயர் இருக்க வேண்டுமெனின், அங்கே பாசம் தன் இயல்பில் நிற்கவில்லை. அச்சுறுத்தலின்மேல் சாய்ந்து நிற்கிறது. தலைமுறைகளைச் சேர்த்து வைத்த பெருமையை லயத்துக்கு வழங்கத் துணிவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

அப்படியாயின் அப்பாயி எதனை விட மறுக்கிறார்? 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அப்பாயியின் உடன்பிறந்தோர் இருவர் எழுபதுகளில் தலைமன்னார் வழியே சென்றனர். அதே லயத்தின் நான்கு குடும்பங்களும் சென்றன. 1984 இல் அக்கப்பற் சேவையும் நின்றது. ஒரு முறை சிதறிய சுற்றத்தில் எஞ்சியோரைக் கொண்டு மறுபடி பின்னப்பட்டதே இன்றைய அவரது அயல். புதிய காணிகளோ சீட்டுக் குலுக்கிப் பகிரப்பட்டன. எங்களுக்கு மேற்கணக்கில், பாதையோரத்தில் ஒரு துண்டு. சுவர் தட்டும் மூதாட்டியின் குடும்பத்துக்குப் பீலிக்கரைக்குக் கீழே மற்றொன்று. எழுபது வயதுக் கால்களுக்கு அவ்விடைத்தூரம் ஒரு கடல்தான். அவர் லயத்தில் வைத்த பற்றென்று நான் இகழ்ந்தது, உண்மையில் அயலாரிடம் வைத்த பற்று.

இளையோர் பக்கத்து நியாயமும் சிறிதன்று. தனக்கென ஒரு முகவரி, தன் பெயரில் காணி உறுதி, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓரறை: இவற்றை வேண்டுவது தன்னலமாகாது. 2015 இலிருந்து தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியுடனான திட்டத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு உரியவாயின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலமற்றிருந்த மக்களுக்கு இது சிறுமாற்றமன்று. ஆயினும் 550 சதுர அடி வீட்டின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: படுக்கையறை இரண்டு. ஒன்று கணவன் மனைவிக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. பாட்டி எங்கே படுப்பார்? வரைந்தவர் மனத்திலிருந்த குடும்பத்தில் பாட்டி இல்லை. பட்டிப்பொலக் குளிரில் முதியோரின் உண்மையான படுக்கையறையாகிய அடுப்பங்கரையோ, இருவர் நின்றால் மூன்றாமவர்க்கு இடமில்லாத மூலையாகச் சுருங்கியுள்ளது. பணப்பற்றாக்குறை இதற்கு ஒரு காரணமாகலாம். கேளாமை மற்றொரு காரணம். சமையலறைச் சுவரை நான்கடி தள்ளிக் கட்டுவதற்கு ஆகும் செலவு, அதனைப் பற்றி ஒரு முதியவளிடம் கேட்பதற்கு ஆவதில்லை.

பிறநாட்டார் இச்சிக்கலை எவ்வாறு அணுகினர்? சிங்கப்பூரில் 2015 முதல், பெற்றோருடனோ அவர்களுக்கு அண்மையிலோ மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கிவருகிறது. 2018 இல் அங்கு முறையாகத் திறக்கப்பட்ட 'கம்போங் அட்மிரல்ட்டி' வளாகத்தில் முதியோர் வீடுகளும் மருத்துவ நிலையமும் குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் ஒன்றாக உள்ளன. (எங்கள் பிள்ளைக் காம்பரா வாசலில் ஓய்வுபெற்ற கிழவியர் குந்தியிருந்து பேரப்பிள்ளைகளை அதட்டியதை எந்தக் கட்டடக் கலைஞரும் வரையவில்லை.) அச்செல்வ நாட்டின் வசதியை நம் மலைச்சரிவோடு ஒப்பிடுவது பேதைமை. எனினும் அங்குள்ள ஒரு கருத்து நமக்கும் பயன்படும். அருகில் வாழ்வோர்க்கு உதவி உண்டு. வாழாதோரின் கூரை பறிக்கப்படுவதில்லை. தோட்டத்துச் சட்டம் இதற்கு நேர்மாறாக இருந்தது.

விலகிச் செல்லும் உரிமை உள்ளவர் அருகில் வாழும்போதே நெருக்கம் தன் முதற்பொருளைப் பெறுகிறது எனக் கருதுகிறேன். ஆகவே இளையோர்க்குக் கதவு வேண்டும். அக்கதவு எவர் வாசலை நோக்கித் திறக்க வேண்டுமென்று சொல்லும் உரிமை முதியோர்க்கு வேண்டும். வீட்டை அளக்குமுன் அயலை அளத்தல் வேண்டும்: யார் யாருக்குச் சுவர் தட்டுகிறார், யார் பிள்ளையை யார் பார்க்கிறார், பீலிக்கு யார் கையைப் பிடித்து யார் போகிறார் என்பன எந்த நில அளவைப் படத்திலும் இல்லை.

இதனை எழுதுவது எளிது. எங்கள் வீட்டில் எளிதாக இருக்கவில்லை. காணியை மாற்றிக்கொண்டு கீழே போகலாமென்று அப்பா கூறியபோது அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடையது முச்சக்கரவண்டித் தொழில். மேற்காணிக்குப் பாதை உண்டு. பீலிக்கரைக்கு மண்படிகளே உண்டு. கிழவியின் இரண்டு தட்டலுக்காகத் தன் பிழைப்பை விடவா என்று அவர் கேட்டதைக் குற்றமென நான் சொல்லமாட்டேன். அப்பா ஒரு காலத்தில் கேளாமலே விட்டுக்கொடுத்தார். அதனையே அண்ணனிடமும் எதிர்பார்ப்பின், செக்ரோல் இல்லாமலே பழைய சட்டத்தை நாமே நடத்துபவராவோம். இரண்டு வாரத்தின் பின் அண்ணனே வேறொரு வழி கூறினார். பாதையோரத்தில் எங்களுக்கு அடுத்த காணியைப் பெற்ற குடும்பத்தினர்க்கு மரக்கறித் தோட்டம் செய்ய ஆசை. பீலிக்கரையில் நீர் உண்டு. அவர்கள் கீழே இறங்கினால் அம்மூதாட்டியின் குடும்பம் மேலே வரலாம். நாங்கள் அசைய வேண்டியதில்லை. இரு குடும்பத்தினரிடமும் சென்று பேசியவரும் அண்ணனே.

மாற்றுக் கோரும் கடிதத்தை நான் எழுதினேன். மூன்று குடும்பத்தினரும் ஒப்பமிட்டனர். அப்பாயி கைநாட்டு வைக்குமுன் ஒன்று கேட்டார்: புதுவீட்டில் அடுப்பங்கரை எந்தப் பக்கம் வருமென்று. வரைபடத்தைக் காட்டினேன். அது அடுத்த வீட்டுக்கு மறுபுறத்தில் இருந்தது. அதனையும் மாற்றித் தருமாறு கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்தோம்.