மூடிய பெட்டிக்குள் ஒரு கீறல்

சொல்லாமல் விடுவதும் வஞ்சகமாகுமா? வீட்டிலும் கடையிலும் அடிக்கடி எழும் இந்தக் கேள்வியை, ஒரு தந்தி வாத்தியத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலேச்சியன் மலைகள் இருக்கின்றன. அங்குள்ள மலைவாசிகளின் நாட்டுப்பாடல்களுக்குத் துணையாயிருப்பது டல்சிமர் என்னும் வாத்தியம். ஒடுங்கி நீண்ட மரப்பெட்டி. அதன்மேல் நெடுக மெட்டுகள் பதித்த கட்டை. அதற்குமேல் மூன்று அல்லது நான்கு தந்திகள். மடிமீது கிடத்தி, இடக்கையில் பிடித்த சிறு குச்சியால் தந்தியை அழுத்தி, வலக்கையில் பிடித்த இறகின் காம்பால் மீட்டுவது பழைய வழக்கம். ஒரு தந்தியில் பாட்டு நடக்கும். மற்றவை நம் தம்பூராவைப்போல் சுருதி கூட்டி நிற்கும்.

கென்டக்கி மாநிலத்தில் ஜேம்ஸ் எட்வர்ட் தாமஸ் என்பவர் 1933-ல் காலமானார். அவர் தம் ஆயுளில் சுமார் 1,500 டல்சிமர்கள் செய்தாரென்பர். தாம் செய்த வாத்தியங்களில் வரிசை எண்ணும் தேதியும் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

அப்படிப்பட்ட மலைக்கிராமத்துத் தொழிலாளி ஒருவரை நம் மனக்கண்முன் நிறுத்துவோம். பாடகர் ஒருவர் அவரிடம் வந்து, "என் கை சிறியது, தந்தியின் நீளம் குறைவாயிருக்கட்டும், என் குரலுக்கு இசைவாக ஒன்று செய்து கொடுங்கள்" என்று அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறார். தொழிலாளி நன்றாக உலர்ந்த வால்நட் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு உலர வேண்டுமென்பது தச்சர் கணக்கு. மெல்லிய பலகைகளாக இழைத்து, பக்கப் பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, வச்சிரப் பசையால் ஒட்டி மூடுகிறார். மெருகிடும் சமயத்தில் அடிப்பலகையிலே தலைமயிர் போன்றதொரு கீறலைக் காண்கிறார். மரத்தூளும் பசையும் சேர்த்து அடைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாதமோ இனிமையாக இருக்கிறது. நாளைக் காலையில் பாடகர் வந்துவிடுவார். சொல்ல வேண்டுமா?

"அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, இதில் பொய் எங்கே?" என்பது மனது சொல்லும் முதல் சமாதானம். கடையில் வாங்குகிறவன் பத்துப் பொருள்களைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கிறான். செய்யச் சொல்லிக் கொடுத்தவரோ, பார்க்கும் பொறுப்பையே தொழிலாளியிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் கேட்காததற்குக் காரணம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையையே மறைவிடமாக்கிக்கொள்வது நியாயமாகாது.

"கீறல் வளராமலே போகலாம்" என்பது இரண்டாவது. போகலாம். ஆனால் மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறையில் பலகை சுருங்கும்போது கீறல் ஓடவும் கூடும். அந்த அபாயத்தைச் சுமக்கப் போகிறவர் பாடகர். ஆகையால் அதை ஏற்பதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே.

மூன்றாவது சமாதானம் இரக்கத்தின் வேஷத்தில் வருகிறது: "சொன்னால் அவர் மனம் நோகும்." இதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, பழுது பார்க்கும் வேறொருவர் அடைத்த இடத்தைக் காட்டும்போது உண்டாகும் நோவு எவ்வளவு பெரிது! அன்று அவர் மரத்தைக் குறித்து வருந்தமாட்டார். மனிதனைக் குறித்தே வருந்துவார்.

13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் தமது வேதசாஸ்திர நூலில் இதே கேள்வியை எழுப்பினார். மறைவான குற்றத்தால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ நேரக்கூடுமானால் விற்பவன் சொல்லியே தீரவேண்டும் என்பது அவர் முடிவு. ஒற்றைக்கண் குதிரையைப்போலக் குற்றம் வெளிப்படையாயிருந்து, விலையும் தக்கபடி குறைக்கப்பட்டிருந்தால் சொல்லக் கடமையில்லை. மறைவான குற்றத்தையுங்கூட ஊரெங்கும் பறைசாற்ற வேண்டியதில்லை. வாங்க வந்தவரிடம் சொன்னால் போதும். எவ்வளவு நிதானமான தீர்ப்பு!

அப்படியானால் நமது தொழிலாளி செய்யத்தக்கது என்ன? அடிப்பலகையைப் பிரித்து, கீறலுக்குக் குறுக்கே சிறு மரத்துண்டுகளை உட்புறம் ஒட்டலாம். அல்லது கீறலைக் காட்டி, விலையைக் குறைத்து, பாடகரின் இஷ்டத்துக்கு விடலாம். முன்னதற்கு நாள் செல்லும், கூலியில்லை. பின்னதற்குக் கையிலிருந்து பணம் போகும். அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது இலேசான காரியமல்ல. மனச்சாட்சிக்காக அவர் உண்மையாகவே ஒரு கிரயம் கொடுக்கிறார்.

ஆகவே கடமை தொழிலாளிக்கு மட்டுமன்று, நமக்கும் உண்டு. குற்றத்தைத் தானே காட்டியவனிடம் நியாயத்துக்கு மேல் விலையைக் குறைத்து, "இனி இவனிடம் வரக்கூடாது" என்று நாம் போய்விட்டால், அடுத்த கீறலை மறைக்க அவனுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். பாத்திரத்தை உடைத்ததை ஓடிவந்து சொல்லும் பிள்ளைக்கு அடி கிடைத்தால், நாளைக்கு அது துண்டுகளை ஒளித்து வைக்கும். அதைச் சொல்லவைப்பதும் ஒளிக்கவைப்பதும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

எண்ணும் தேதியும் இட்டு வாத்தியத்தை அனுப்புகிறவன், "குறையிருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்" என்று சொல்லாமல் சொல்லுகிறான். நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொன்றிலும் அப்படி நம் பெயரைத் துணிந்து எழுத முடிகிறதா என்று பார்த்துக்கொள்வோம். அப்படி எழுதுகிறவனைக் கண்டால், அவனுக்குக் கூலியும் மரியாதையும் குறைக்காமல் கொடுப்போம்.