சொஸ்தமும் இரட்சிப்பும்: முழுநலம் குறித்த கிறித்தவ அறநோக்கு – கொள்ளேகால் பகுதியை முன்வைத்து

முன்னுரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. இது நோயின்மையைச் செல்வமாகக் காண்கிறது. செல்வம் என்று கொண்டவுடன், அதனை ஈட்டியவர், ஈட்டத் தவறியவர் என்னும் பாகுபாடும் உடன் எழுகிறது. உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம், தொழில், சமூக உறவு ஆகிய அனைத்தையும் தழுவிய 'முழுநலம்' என்னும் கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. கிறித்தவ இறையியலும் இக்கருத்தைத் தனதாக்கிக்கொண்டு விளக்கி வருகிறது. முழுநலம் என்பது ஒருவர் தம் முயற்சியால் எய்தும் நிலையா, பிறரால் காக்கப்படுவதால் வாய்க்கும் நிலையா என்பது இங்கு எழும் அடிப்படை வினா. தமிழ் விவிலியச் சொல்லாட்சியையும், கர்நாடகத்துக் கொள்ளேகால் பகுதியின் பட்டறிவையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் நலமும் நோயும்

'நலம்' என்னும் சொல் தமிழில் நன்மை, அழகு, பயன், குணம், உடல்நலம் எனப் பல பொருள்களைத் தரும். 'நோய்' என்பதும் உடற்பிணியை மட்டும் குறிப்பதன்று. அக இலக்கியத்தில் தலைவியின் பிரிவுத் துயரும் நோயே. ஆகவே உடலையும் உள்ளத்தையும் ஒருங்கு வைத்துக் காணும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணவின் அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்துகிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தின் கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. தன்னைப் பேணுவதில் தொடங்கும் அதிகாரம், பிறர் துணையில் நிறைவுறுகின்றமை கருதத்தக்கது.

ஒரு வினை, இரு சொற்கள்

மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் துன்புற்ற பெண் இயேசுவின் ஆடையின் ஓரத்தைத் தொட்டு நலம் பெறும் நிகழ்ச்சி இடம்பெறுகிறது. அப்பகுதியின் 22ஆம் வசனத்தில் 'சோட்சோ' என்னும் கிரேக்க வினை இருமுறை வருகிறது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் புராட்டஸ்டண்டுத் திருச்சபைகள் இன்றும் பயன்படுத்தும் தமிழ் விவிலியம், அவ்வொரே வினையை ஓரிடத்தில் 'இரட்சித்தது' என்றும், அடுத்த இடத்தில் 'சொஸ்தமானாள்' என்றும் பெயர்க்கிறது. மூலத்தில் ஒன்றாக நின்றது தமிழில் இரண்டாகப் பிரிந்தது. இயேசுவின் கூற்றாக வருமிடத்தில் ஆன்மிகச் சொல்லும், நிகழ்ச்சியைக் கூறுமிடத்தில் உடல்நலச் சொல்லும் அமைந்தன.

இவ்விரு சொற்களின் வேர்ப்பொருள் மேலும் நோக்கத்தக்கது. 'சொஸ்தம்' என்பது 'ஸ்வஸ்த' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். தன்னில் தான் நிலைபெறுதல் என்பது அதன் பொருள். 'இரட்சிப்பு' என்பது காத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. காப்பவர் ஒருவர் இன்றிக் காத்தல் நிகழாது. முன்னது ஒருவர் தம்முள் நிலைபெறும் அமைதியையும், பின்னது பிறர் ஒருவரின் கை நீண்டமையையும் உணர்த்துகின்றன. அப்பெண்ணின் நலம் இவ்விரண்டும் சேர்ந்ததாகும். மாற்கு நற்செய்தி, அவள் தன் பொருள் முழுவதையும் மருத்துவர்களிடம் செலவழித்தும் பயனடையவில்லை என்று கூறுகிறது. யூதத் தூய்மை விதிகளின்படி அவள் தீண்டத்தகாத நிலையில் இருந்தவள். அவளை 'மகளே' என இயேசு விளித்தபொழுது, குருதி நின்றதோடு உறவும் மீண்டது. முழுநலம் என்னும் சொல்லுக்கு விவிலியம் தரும் மிகச் செறிந்த விளக்கம் இவ்விளியே எனலாம்.

முழுநலம் கடமையாகும்பொழுது

உடல் இறைவனின் ஆலயம் எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் கூறுகிறது. உடலைக் கோயிலாகக் காணும் கருத்து திருமந்திரத்திலும் உண்டு. இதனை அடிப்படையாகக் கொண்டு, உணவொழுக்கம், உடற்பயிற்சி, ஓய்வு, மனவமைதி ஆகியவற்றைப் பேணுதல் கிறித்தவரின் கடமை என்று வலியுறுத்தப்படுகிறது. இக்கருத்தில் பிழையில்லை. எனினும் இதனோடு நின்றுவிட்டால் ஓர் அறச்சிக்கல் தோன்றுகிறது. நலம் கடமையாயின் நோய் குற்றமாகிவிடும். ஆலயத்தைப் பேணத் தவறியவர் என்னும் பழி நோயாளிமீது விழும்.

விவிலியம் இப்பழியை மறுக்கிறது. யோபுவின் நண்பர்கள் அவர் துன்பத்துக்கு அவரது பாவமே காரணம் என வாதிட்டனர். நூலின் இறுதியில் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அவர்களே. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் செய்தவர் யார் எனச் சீடர்கள் வினவியபொழுது, அவ்வினாவின் அடிப்படையையே இயேசு ஏற்கவில்லை. பவுலும் தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. ஆகவே நோய் நீங்காமை நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்னும் கூற்று விவிலியச் சான்று அற்றது. மேலும், உடலை ஆலயம் எனக் கூறும் பவுலின் கிரேக்கத் தொடரில் உடல் ஒருமையிலும் அதற்குரியோர் பன்மையிலும் அமைந்துள்ளனர். இது ஒவ்வொருவரின் உடலையும் தனித்தனியே குறிப்பதாகக் கொள்ளலாம். எனினும் அதே திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சபையார் அனைவரும் சேர்ந்தே ஆலயம் எனப்படுகின்றனர். ஆதலின் ஆலயத்தைப் பேணும் கடமை நோயாளி ஒருவருடையது மட்டுமன்று. அவரைச் சூழ்ந்தோருடையதும் ஆகும்.

கொள்ளேகால் பகுதியின் பட்டறிவு

இக்கருத்து ஏட்டளவில் நிற்பதா, வாழ்க்கையிலும் பொருந்துவதா என்பதற்குக் கொள்ளேகால் பகுதி தக்க உரைகல்லாகும். கொள்ளேகால் 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலச் சீரமைப்பு வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் அடங்குகிறது. பட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்நகருக்கு அப்பால், ஹனூரை அடுத்த மலையடிவாரத்தில் மார்ட்டள்ளி முதலிய ஊர்களில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். வீட்டிலும் வழிபாட்டிலும் தமிழும், அரசு அலுவலகத்தில் கன்னடமும் வழங்கும் எல்லைப்புற வாழ்க்கை இவர்களுடையது. தம் நோவினைத் தம் மொழியில் கூறி, அது புரிந்துகொள்ளப்படுதலும் நலத்தின் ஒரு கூறு என்பதை இத்தகைய எல்லைப்புறங்களே உணர்த்த வல்லன. காமகெரேயில் கிறித்தவத் துறவியர் நடத்தும் திருச்சிலுவை மருத்துவமனை இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

2018 திசம்பர் 14ஆம் நாள், ஹனூர் அருகேயுள்ள சுள்வாடி என்னும் ஊரில் மாரம்மன் கோயில் விழாவில் வழங்கப்பட்ட உணவில் பூச்சிக்கொல்லி நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பாதிக்கப்பட்டோர் காமகெரே, கொள்ளேகால் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் அங்கிருந்து தொலைவிலுள்ள மைசூருவுக்கு அனுப்பப்பட்டனர். உண்டவர்கள் பக்தியோடு உண்டவர்கள். அவர்தம் உணவொழுக்கத்திலோ இறைப்பற்றிலோ குறை காண ஒருவராலும் இயலாது. தன்னைப் பேணும் ஒழுக்கம் எதுவும் அவர்களைக் காத்திருக்க முடியாது. அந்நாளில் தேவைப்பட்டவை ஊர்தி, சாலை, படுக்கை, உயிர்வளிக் கருவி, உடனிருப்போர் ஆகியவை. இவற்றுள் ஒன்றையேனும் தனியொருவர் தம் நல்லொழுக்கத்தால் ஈட்டிவிட இயலாது. நோயாளியின் சமயம் எது என வினவாது மருத்துவமனையின் கதவு திறந்திருத்தலே அத்தகைய நாளில் இரட்சிப்பு என்னும் சொல்லின் பொருளாகும். நல்ல சமாரியன் உவமையிலும், காயமுற்றவரின் இனமோ சமயமோ கூறப்படவில்லை என்பது ஒப்பிடத்தக்கது.

இப்பார்வை கிறித்தவ மருத்துவச் சிந்தனையில் ஏற்கெனவே வேரூன்றியதாகும். 1964இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய திருச்சபை மருத்துவக் கலந்தாய்வு, நலமளிக்கும் பணி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, சபை முழுமைக்கும் உரியது என வலியுறுத்தியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அரோல் இணையர் 1970இல் மகாராட்டிரத்தின் ஜாம்கேடில் தொடங்கிய பணி, சிற்றூர்ப் பெண்களையே நலப் பணியாளர்களாக உருவாக்கியது. அங்குக் குடிநீரும் உணவும் சாதி வேற்றுமை களைதலும் மருந்துக்கு இணையாகக் கருதப்பட்டன.

குறையுடைய முழுமை

காக்கும் கை நீண்டும் நோய் நீங்காதபொழுது முழுநலம் உண்டா என்பது அடுத்த வினா. உலக நலவாழ்வு நிறுவனம் 1946இல் வகுத்த வரையறை, உடல், உள்ளம், சமூகம் ஆகியவற்றின் முழுமையான நல்வாழ்வு நிலையையே நலம் என்கிறது. 'முழுமையான' என்னும் அடைமொழியைக் கண்டிப்பாகக் கொண்டால் நலமுடையார் எவரும் இரார்.

மருத்துவர் மேரி வர்கீசின் வாழ்க்கை இவ்விடத்தில் விடையாக அமைகிறது. வேலூரில் பணியாற்றிய அவர் 1954இல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தில் நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை உருவாக்கினார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றியது. அவர் கால்கள் இறுதிவரை இயங்கவில்லை. எனினும் அவரை நலமற்றவர் என வகைப்படுத்தும் வரையறைதான் குறையுடையது. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன என யோவான் கூறுகிறார். காயம் மறைந்த உடலை அன்று, காயத்தோடு கூடிய உடலையே கிறித்தவம் நிறைவின் உருவாகக் காட்டுகிறது.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழக்கூடும். நலம் பிறர் கையில் உள்ளதாயின் தற்பேணல் தளர்ந்துவிடாதா என்பது ஒன்று. பிறர் துணை வேண்டிநிற்றல் இழிவன்றோ என்பது மற்றொன்று. மேரி வர்கீசு பிறரால் காக்கப்பட்டார், கடுமையாகப் பயின்றார், பின்னர்ப் பிறரைக் காத்தார். தன்னில் நிலைபெறுதல் பிறரைத் தாங்கும் வலிமைக்காக. பிறரால் தாங்கப்படுதல் மீண்டும் தன்னில் நிலைபெறுவதற்காக. இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யுமிடத்தில் தளர்ச்சியும் இல்லை, இழிவும் இல்லை.

முடிவுரை

கிரேக்க மூலத்தின் ஒரு வினையைத் தமிழ் விவிலியம் இரண்டாகப் பிரித்தது குறையாகத் தோன்றினும், அப்பிரிவு முழுநலத்தின் இரு கூறுகளை வெளிப்படுத்தும் பேறாகவும் அமைந்தது. தற்கால முழுநலப் பேச்சு பெரிதும் சொஸ்தத்தின் பக்கமே சாய்ந்து, தன் உடல், தன் உள்ளம், தன் அமைதி என நிற்கிறது. இரட்சிப்பு நீங்கிய சொஸ்தம் நலமுடையாரின் பெருமிதமாகவும், நோயுற்றாரின் பழியாகவும் முடியும். ஒரு பகுதியின் முழுநலத்தை அளக்கும் கோல், அங்கு நலமுடன் வாழ்வோர் எத்துணையர் என்பது மட்டுமன்று; நலம் இழந்தவர் விழும்பொழுது அவரை நோக்கி எத்தனை கைகள் நீள்கின்றன என்பதுமாகும். கொள்ளேகால் மலையடிவாரத்து ஊர்களின் பட்டறிவு உணர்த்தும் அறம் இதுவே.