மழை யாரைத் தண்டிக்கிறது?

ஆலய வண்ணக்கர், ஓய்வுநிலை அரச இலிகிதர்

மழை இல்லையேல் வேளாண்மை இல்லை. வேளாண்மை இல்லையேல் பூசையும் இல்லை, தானமும் இல்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம். நமது மட்டக்களப்பு மண்ணிலே மழைக்கும் அம்மன் வழிபாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நெருக்கமானது. வானம் பொய்க்கும் காலத்தில் கண்ணகி அம்மன் சந்நிதியில் மழைக்காவியம் பாடுவதும், கொம்புமுறி நடத்துவதும் நம் முன்னோர் வழக்கம். கேட்ட மழை வந்தால் "அம்மாளின் அருள்" என்று கைகூப்புகிறோம். கேட்டதற்கு மேலாக வந்து வயலை மூடி, வீட்டை இடித்து, உயிரையும் கொண்டுபோனால் அதனை என்னவென்று சொல்வது?

இதற்கு ஊரிலே வழங்கும் விடை ஒன்று உண்டு. "சனங்களிடத்தில் அறம் குறைந்துவிட்டது, தெய்வம் தண்டித்துவிட்டது" என்பதே அது. பக்தியினால் சொல்லப்படும் வார்த்தையாயினும் இது சரியானதுதானா என்று அடியார்கள் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதலில் மழை வரும் விதத்தைப் பார்ப்போம். ஐப்பசி தொடக்கம் தை வரையிலான மாரிகாலத்திலே நமது நாட்டுக்குக் கிழக்கேயுள்ள கடலிலிருந்து காற்று மேற்கு நோக்கி வருகிறது. அந்தக் காற்றோட்டம் எந்நாளும் நேராக ஓடுவதில்லை. கடலில் அலை எழுவதுபோல அதிலும் வளைவுகள் உண்டாகி மேற்கே நகர்கின்றன. இவற்றைக் கீழைக்காற்று அலைகள் என்பர். அவ்வாறான அலையொன்று வரும்போது கடலின் ஈரக்காற்று ஓரிடத்தில் குவிந்து, மேலெழுந்து, குளிர்ந்து இடிமேகமாகத் திரள்கிறது. ஓரிரு நாட்கள் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. ஒன்று கடந்துபோக மற்றொன்று வருவதும் உண்டு. சில வேளைகளில் அந்தக் குழப்பமே சுழன்று தாழமுக்கமாகவும் சூறாவளியாகவும் வலுப்பெறும்.

இந்த ஒழுங்கிலே நல்லவர் வளவு, கெட்டவர் வளவு என்ற பிரிவு எங்கும் இல்லை. நம் பெரும்போக வேளாண்மைக்கு நீர் தருவதும், உன்னிச்சைக் குளத்தையும் உறுகாமக் குளத்தையும் நிரப்புவதும் இதே மாரிதான்.

நடந்தவற்றையும் எண்ணிப் பார்ப்போம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி கோயிற் கூரை, தேவாலயக் கூரை, பள்ளிவாசற் கூரை என்று பார்த்து வீசவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கிலும் அயல் மாவட்டங்களிலுமாகப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் மழையால் மலைநாட்டில் மண் சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உறங்கிய வீட்டோடு புதையுண்டவர் செய்த பாவம் என்ன? வீடு திரும்பிய பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்து "தண்டனை" என்று சொல்ல நம்மில் யாருக்காவது நா எழுமா?

அரச சேவையில் இருந்தபோது வெள்ள நிவாரணப் படிவங்கள் பலவற்றைப் பதிந்திருக்கிறேன். பெயர், குடும்ப அங்கத்தவர் தொகை, வீடு முழுச்சேதமா பகுதிச்சேதமா என்ற நிரல்கள் அவற்றில் இருந்தன. பாவ புண்ணியத்துக்கு நிரல் இருக்கவில்லை. அது நல்ல ஒழுங்கு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

"அப்படியானால் நம் சமயம் சொல்லும் வினைக்கொள்கை பொய்யா? மறக்கருணை என்பது பொய்யா?" என்று சிலர் கேட்கலாம். பொய் அல்ல. இறைவனது கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும் என்பது சைவ சித்தாந்தம். ஆனால் அந்த உண்மையை எவர்மீது வைத்துப் பார்ப்பது என்பதே இங்கு கேள்வி. எனக்கு ஒரு துன்பம் வந்தால் "இது என் வினை, இதனாலும் அம்பாள் என்னைத் திருத்துகிறாள்" என்று நான் நினைக்கலாம். அது என் மனத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதே சொல்லை அயலவன் துன்பத்தின்மேல் வைத்தால் அது தீர்ப்பாகிவிடும்; உதவ வேண்டிய கையையும் மடக்கிவிடும். வினை என்ற கோட்பாடு நம்மை நாமே பார்ப்பதற்கு உரியது. பிறரை அளப்பதற்கு உரியதன்று.

மேலும், வானத்தின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பதும் அறமே. வெள்ளம் உயரும்போது வாவியின் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு நீரை விடுவது நம் பகுதி வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு கணக்கு. வாவியில் தொழில் செய்பவருக்கு வேறு கணக்கு. குளத்தின் வான்கதவைத் திறக்குமுன் படுவான்கரைத் தாழ்நிலக் கிராமங்களுக்கு அறிவித்தார்களா என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விடயம். இவையெல்லாம் மனிதர் எடுக்கும் தீர்மானங்கள். ஒருவர் தன் வளவைக் காக்க வாய்க்காலை மண்போட்டு மூடுகிறார். நீர் அடுத்த வளவுக்குப் போய்ச் சுவரை இடிக்கிறது. மூடியவரின் செயலை இடிந்தவரின் வினை என்று எழுதிவைப்பது நியாயமாகுமா?

இது நம் ஆலயத்துக்கும் பொருந்தும். வெளிவீதியைக் கிறவல் போட்டு உயர்த்த வேண்டும் என்று அடியார்கள் சிலர் கேட்டுள்ளனர். மாரியில் சுவாமி வலம்வர அது வசதிதான். ஆயினும் வீதியில் இப்போது தேங்கும் நீர் வடக்குப்புறத் தாழ்ந்த வளவுகளுக்குள் இறங்கும். அங்கிருப்போர் நாட்கூலிக் குடும்பங்கள். நிருவாகசபைக் கூட்டத்துக்கு வந்து பேசுவோர் அல்லர். முதலில் வாய்க்கால் வெட்டி நீருக்கு வழிவிட்ட பின்னரே வீதியை உயர்த்த வேண்டும் என்பது அடியேனின் கருத்து. செலவு கூடும், ஓராண்டு தாமதமாகும். அம்பாளின் திருவீதி ஏழையின் அடுப்பை நனைத்து அழகு பெறலாகாது.

அன்னதானத்துக்கு வரும் அரிசியில் ஒரு பங்கை மாரிக்கென ஒதுக்குதல், வெள்ள நாட்களில் மண்டபத்தை எந்தச் சமயத்தவருக்கும் திறந்து விடுதல், இடிமுழக்கம் கேட்டால் வயலிலும் வாவியிலும் நிற்காது கரையேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தல் ஆகியவையும் ஆலயத்தால் செய்யக்கூடியவை. முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக் குறைவன்று. கோபுரத்துக்கு இடிதாங்கி வைப்பவர் அம்பாளை நம்பாதவர் அல்லரே.

மழை வேண்டி அம்மன் முன் பாடும் நாம், மழை மிகும்போது அவள் பிள்ளைகளைத் தேடிப் போகவும் கடமைப்பட்டவர்கள். அதற்குரிய மனத்தையும் பலத்தையும் எல்லாம் வல்ல அம்பாள் நம் அனைவருக்கும் தந்தருள்வாளாக.

சுபம்.