நட்பும் மதிப்பீடும்

இணையத்தள வடிவமைப்பைப் பயிலும் வகுப்புகளில் ஒருவர் ஆக்கத்தை மற்றொருவர் மதிப்பிடும் வழக்கம் உண்டு. ‘நன்று’ என்னும் ஒற்றைச் சொல்லே அங்கு பெரிதும் ஒலிக்கிறது. இது நட்பின் பண்பாகுமா? தவறு கண்டவிடத்து இடித்துரைத்தலையும் நட்பின் கடமையாகவே வள்ளுவர் கொண்டார்.

ஆயின், இடித்துரைக்கும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது? இருவரும் ஒரே நிலையினர். ஒருவர் ரசனை மற்றவருக்கு அளவுகோலாகாது. வகுப்பறையில் இல்லாத மூன்றாமவர் ஒருவரை இருவரும் மறந்துவிடுவதாலேயே இச்சிக்கல் எழுகிறது. அத்தளத்தைப் பயன்படுத்தப்போகிறவர் அவரே. அவர் பார்வை குன்றிய முதியவராகவும் இருக்கலாம். வெண்மைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வடிவமைத்தவருக்கு நளினம்; அம்முதியவருக்கோ வெறும் வெண்திரை. 2008இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஆகக்குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டை வேண்டிநின்றது இத்தகையோர் பொருட்டன்றோ?

‘நிறம் அழகாயில்லை’ என்பது தீர்ப்பு. ‘வெயிலில் கைத்தொலைபேசியில் இவ்வெழுத்தை வாசிக்க முடியவில்லை’ என்பது சாட்சியம். தீர்ப்பு வடிவமைத்தவரின் மனத்தைச் சுடும். சாட்சியமோ திருத்தவேண்டிய இடத்தைக் காட்டும். புள்ளிகளுக்காக ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் உடன்பாடு (இது வகுப்பறைகளுக்குப் புதிதன்று) அந்த மூன்றாமவருக்கு இழைக்கப்படும் அநீதியே.

அவரைப் பாதிக்காத குறைகளும் உள. அவற்றில் மதிப்பிடுபவர் தம் ரசனையைத் தமது ரசனையென்றே கூறிவைக்கலாம். ஏற்பதும் தள்ளுவதும் வடிவமைத்தவரின் உரிமை.