பயத்தை எழுதி அவன் காலடியில வை

ஓம் சரவணபவ. 

இந்தக் கிருத்திகைக்கு வேற ஒரு பதிவு எழுதி வச்சிருந்தேன். அதை ஒதுக்கிட்டு இதை எழுதுறேன். காரணம், போன வாரம் ஒரு தங்கச்சி அனுப்பின மெசேஜ். "அண்ணா, அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்திருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரல. நைட்டெல்லாம் தூக்கமே இல்ல. மனசுல இருக்கறதை டைரில எழுதலாம்னு உட்கார்ந்தா, எழுதினா பலிச்சுடுமோன்னு பயமா இருக்கு. நான் என்ன பண்றது?"

இந்தப் பயம் எனக்குத் தெரியும்மா. நானும் இதுக்குள்ள இருந்தவன்தான்.

எங்க அப்பாவுக்குப் பல வருஷமா சுகர். ஒருநாள் அவர் செருப்பைக் கழட்டும்போது கால் விரல்ல ஒரு புண்ணைப் பார்த்தேன். "வலிக்கலைடா, தானா ஆறிடும்"னார். சுகர் உள்ளவங்களுக்கு வலிக்காம இருக்கறதுதான் ஆபத்து. நரம்பு மரத்துப் போனா புண்ணு உள்ளே போறதே தெரியாது. இது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனாலும் ரெண்டு வாரம் வாயைத் திறக்கல. டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வாரோன்னு பயம். தினமும் பூஜையறையில நின்னேன், கவசம் சொன்னேன். அப்பாவோட காலை மட்டும் திரும்பிப் பார்க்கல. அதுக்குப் பேரு பக்தி இல்ல, ஒளிஞ்சுக்கறது. இன்னைக்குச் சொல்றேன், அன்னைக்குப் புரியல.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டு இருக்கும்போது நாக்கு நின்னுடுச்சு. நூறு தடவை சொன்ன வரிதான். அன்னைக்குத்தான் அர்த்தம் காதுல விழுந்தது. தேவராய சுவாமிகள் அதுல என்ன பண்ணியிருக்கார்னு கவனிச்சிருக்கீங்களா? தலையில ஆரம்பிச்சு கால் விரல் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, வேல் காக்கணும்னு கேட்கறார். அதோட நிக்கல. பேய், பாம்பு, வலிப்பு, குன்மம்னு மனுஷன் எதுக்கெல்லாம் நடுங்குவானோ அத்தனையையும் ஒண்ணு விடாம வரிசையா எழுதி வச்சிருக்கார்.

நோயோட பேரை எழுதினா நோய் வந்துடும்னா, அந்தக் கவசத்தை எழுதவே முடிஞ்சிருக்காதே! நம்ம பெரியவங்க பயத்தை மறைக்கல. அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முருகன் முன்னாடி நிறுத்தினாங்க. கவசம்னா அதுதான். எங்கெங்கே அடிபடும்னு தெரிஞ்சவன்தானே கவசம் போட்டுக்குவான்?

பாம்பன் சுவாமிகளை எடுத்துக்கோங்க. 1891-ல சண்முக கவசம் பாடினார். மொத்தம் 30 பாட்டு. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, அந்த வரிசையிலேயே பாட்டு ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கும். தமிழ்ல எழுத்துக்கே உயிர்னும் மெய்னும்தானே பேரு? மெய்னா உடம்பு. உயிரையும் உடம்பையும் காப்பாத்துன்னு கேட்கறதுக்கு அவர் எழுத்தையே வேலியா கட்டினார்.

1923 டிசம்பர்ல, எழுபது வயசைத் தாண்டின சுவாமிகள் சென்னை தம்புச் செட்டித் தெருவுல நடந்து போகும்போது குதிரை வண்டி மோதி கால் முறிஞ்சுது. பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. இந்த வயசுல எலும்பு கூடுறது கஷ்டம்னு டாக்டர்கள் கைவிரிச்சதா வரலாறு சொல்லுது. அப்போ அடியார்கள் அவருக்காக என்ன பாராயணம் பண்ணினாங்க தெரியுமா? அவரே எழுதின சண்முக கவசம்! 11-ஆம் நாள் ராத்திரி வானத்துல மயில்கள் ஆடுற காட்சியை சுவாமிகள் கண்டார். கால் குணமாச்சு. 1929 வரைக்கும் இருந்தார். மார்கழியில மயூர வாகன சேவைன்னு அந்த நாளை இன்னைக்கும் கொண்டாடுறாங்க.

இதுல ரெண்டு விஷயத்தை மனசுல வைங்க. ஒண்ணு, சுவாமிகள் படுத்திருந்தது ஆஸ்பத்திரிக் கட்டில்ல. முருகன் இருக்கான், வைத்தியம் வேண்டாம்னு அவரை யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகல. ரெண்டாவது, எழுதினவர் கால் முறிஞ்சு கிடந்தப்போ, 32 வருஷத்துக்கு முன்னாடி எழுதினது மத்தவங்க வாய் வழியா அவர்கிட்டயே திரும்பி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் ஒரு நோட்டை எடுத்தேன். மேல 'முருகா'ன்னு எழுதினேன். அடுத்த வரி, "அப்பாவோட காலை எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு." கை நடுங்குச்சு. அதுக்குக் கீழே, புண்ணு எப்ப பார்த்தேன், எப்ப நிறம் மாறுச்சு, அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறார்னு தேதியோட எழுதினேன். நோட்டை வேல் முன்னாடி வச்சு விபூதி இட்டேன். காலையில அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பக்கத்துல பதில் இருந்தது.

முடிவையும் மறைக்காம சொல்லிடறேன். ஒரு விரலை எடுத்தாங்க. கால் தப்பிச்சுது. நான் ரெண்டு வாரம் முன்னாடியே எழுதியிருந்தா அந்த விரலும் இருந்திருக்குமோன்னு இப்பவும் சில ராத்திரி தோணும். அதையும் அவன்கிட்டதான் சொல்றேன்.

கேட்டதெல்லாம் அப்படியே நடக்கும்னு நான் யாருக்கும் வாக்கு கொடுக்க மாட்டேன். கவசம் சொன்ன வீட்லயும் இழப்பு வந்திருக்கு. ஆனா ஒண்ணு யோசிங்க. திருச்செந்தூர்ல சூரபத்மன் மாமரமா ஒளிஞ்சு நின்னான். வேல் அதை ரெண்டா பிளந்துச்சு. முருகன் அவனை அழிச்சுட்டுப் போகல. ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. எதிர்த்து நின்னதே வாகனமாச்சு, கொடியாச்சு. ஒளிஞ்சு நிக்கற வரைக்கும்தான் அது சூரன். வேல் பட்டதும் அது மயில். நம்ம பயமும் அப்படித்தான். எனக்கு அன்னைக்கு அந்தப் பயம்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வாகனமாச்சு.

அதனால தங்கச்சி, இன்னைக்கு ராத்திரி விளக்கேத்து. ஒரு பேப்பர் எடுத்து மேல 'முருகா'ன்னு எழுது. உன்னை ரொம்பப் பயமுறுத்தற அந்த ஒரு வரியை அப்படியே எழுது. கீழே, நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய மூணு கேள்வியை எழுது. அவன் காலடியில வச்சுட்டு, அம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்கோ. உனக்குக் கவசம் சொல்ல வாய் வரலைன்னா பரவால்ல. இதைப் படிக்கறவங்க எல்லாரும் இன்னைக்கு உங்க அம்மாவுக்காக ஒரு தடவை சொல்வாங்க.

சொல்வீங்கதானே?

ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருக்கற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!